தோண்டாமல் அறிதல்: தூபிகளின் உள்ளறையும் வானத்து மியூவான்களும்

அநுராதபுரத்து ஜேதவனாராமத் தூபியில் ஏறத்தாழ 9 கோடியே 33 இலட்சம் செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பொறியியலாளர்கள் போட்ட கணக்கு. மகாசேன மன்னன் தொடங்கிவைத்து அவன் மகன் காலத்தில் நிறைவேறிய அந்தத் தூபி முதலில் 122 மீட்டர் உயரம் இருந்தது. கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளைத் தவிர அதைவிட உயர்ந்த கட்டடம் அன்றைய உலகில் இல்லை. சிதைந்து குறைந்து இன்று 71 மீட்டரில் நிற்கிறது. சுற்றி நடந்து அதன் வெளிப்புறத்தை அங்குலம் அங்குலமாக அளந்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்கு எட்டுவதில்லை.

தூபி உள்ளே போய்க் கும்பிடும் இடமன்று. உட்புறம் முழுவதும் இறுக அடுக்கிய செங்கல். நடுவில் எங்கோ தாதுக்கள் வைத்த அறை இருக்கும். சில தூபிகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அறைகள் இருக்கும். துட்டகைமுனு மன்னன் ருவன்வெலிசாயத் தூபியில் அமைத்த தாது அறையை மகாவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் விரிவாக வருணிக்கிறது. ஆனால் இத்தகைய அறைகளைப் பிற்காலத்தவர் நேரில் கண்டதெல்லாம் தூபி இடிந்தபோது அல்லது தோண்டப்பட்டபோதுதான். மகியங்கனைத் தூபியின் தாது அறையில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்கள் இன்று அநுராதபுர நூதனசாலையில் இருக்கின்றன. கேகாலை மாவட்டத்துத் தெதிகம கொட்டவெஹரவை அகழ்ந்தபோது, எண்ணெய் குறையக் குறையத் தானாக ஊறிவரும் அமைப்புடைய வெண்கல யானை விளக்கு கிடைத்தது. பண்டைக் கைவினைஞர் திரவ அழுத்தத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அந்தச் சான்றுக்காகத் தூபியைத் திறக்க வேண்டியிருந்தது.

முறையாகத் திறந்தவர்கள் வரைபடம் எடுத்தார்கள், குறிப்பு எழுதினார்கள். புதையல் தோண்டுவோர் அதையும் செய்வதில்லை. இரவோடு இரவாகத் தூபியின் நடுவில் குழி பறித்து, தாதுப் பொருள்கள் வைத்த யந்திரக்கல்லைப் பெயர்த்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இதைக் குற்றமாக்கியும் காட்டோரத் தூபிகள் பல இப்படி வயிறு கிழிக்கப்பட்டே கிடக்கின்றன. அறை இருந்த இடம், பொருள்கள் வைக்கப்பட்டிருந்த முறை, அவற்றின் ஒழுங்கு எல்லாம் ஒரே இரவில் போய்விடுகின்றன.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. வழிபாட்டில் இருக்கும் ஒரு சின்னத்தை, ஒரு செங்கல்லையும் அசைக்காமல், உள்ளே வெற்றிடம் உண்டா இல்லையா என்று அறிய முடியுமா? முடியும் என்று இயற்பியல் சொல்கிறது. அதற்கு வேண்டிய கதிர்களை மனிதர் உண்டாக்கத் தேவையில்லை. அவை இரவும் பகலும் வானத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கின்றன.

கல்லை ஊடுருவும் துகள்

அண்டவெளியிலிருந்து பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றணுக்களின் கருக்களோடு மோதுகின்றன. அந்த மோதலின் வழிவந்த துகள்களில் ஒன்று மியூவான். எலக்ட்ரானைப்போன்றே மின்னூட்டம் உடையது. நிறையில் மட்டும் அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு. அதன் ஆயுள் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அந்த ஆயுளுக்குள் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 700 மீட்டரைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தவை தரைக்கு வந்துசேர்கின்றன. அவ்வளவு வேகத்தில் செல்லும் துகளுக்கு நேரம் மெதுவாகக் கழிகிறது என்ற ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடுதான் காரணம்.

கடல்மட்டத்தில் உள்ளங்கையளவு இடத்தில் நிமிடத்துக்கு நூறு மியூவான்கள் அளவில் விழுகின்றன. உயரம் ஏற ஏற எண்ணிக்கை கூடும். ஹோர்ட்டன் சமவெளியின் சரிவிலுள்ள டயகமத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒருவரின் உடலைக் கடந்துபோகும் மியூவான்கள், கொழும்புக் கடற்கரையில் நிற்பவரைக் கடப்பவற்றைவிட அதிகம். யாரும் உணர்வதில்லை; வழக்கமான இயற்கைக் கதிரியக்கத்தின் ஒரு பகுதி அது.

எலக்ட்ரான் பொருளுக்குள் நுழைந்ததும் சிதறி நின்றுவிடுகிறது. மியூவானோ கனமானது என்பதால் வழிவிலகாமல் நேராகச் செல்கிறது. செல்லும் வழியெல்லாம் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கிறது. ஒரு மீட்டர் பாறையைக் கடக்க ஏறத்தாழ அரை ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. குறைந்த ஆற்றலோடு வந்தது பாறைக்குள்ளேயே நின்றுவிடும். மிகுந்த ஆற்றலோடு வந்தது மறுபுறம் வெளிப்படும். எனவே ஒரு திசையிலிருந்து எத்தனை மியூவான்கள் வருகின்றன என்று எண்ணினால் அந்தத் திசையில் எவ்வளவு பொருள் குறுக்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் வழியில் எங்கோ பொருள் குறைவு, அதாவது வெற்றிடம். மருத்துவமனை எக்ஸ்ரே படத்தில் எலும்பும் சதையும் வேறுபட்டுத் தெரிவதற்கு அடிப்படையும் இதுவே.

இந்த எண்ணிக்கையை முதன்முதலில் வேலைக்குப் பயன்படுத்திய இடம் இலங்கை மலையகத்தாருக்குப் பழக்கமான வகையைச் சேர்ந்தது: நீர்மின் திட்டத்துச் சுரங்கம். தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீர்வழி அமைத்ததுபோல, ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைகளிலும் குடைந்தார்கள். 1955இல் ஈ.பி. ஜோர்ஜ் என்ற இயற்பியலாளர் அங்கே கத்தீகா–முன்யாங் சுரங்கத்துக்குள் கருவியை வைத்து, தலைக்குமேல் எவ்வளவு பாறை இருக்கிறது என்பதை மியூவான்களை எண்ணியே மதிப்பிட்டார்.

பிரமிடுக்குள்

தொல்சின்னத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ். 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். எகிப்திய மன்னன் குஃபுவின் பிரமிடில் பல அறைகள் இருக்க, அவன் மகன் காஃப்ரேயின் பிரமிடில் மட்டும் அடித்தளத்து அறையைத் தவிர ஏன் ஒன்றுமில்லை என்பது அவரைக் குடைந்த கேள்வி. எகிப்திய அறிஞர்களோடு சேர்ந்து, பெல்சோனி அறை எனப்படும் அந்த அடித்தள அறைக்குள் தீப்பொறிக் கூண்டுகளால் ஆன கருவியை நிறுவினார். 1967ஆம் ஆண்டின் ஆறு நாள் போர் வேலையை நிறுத்தியது, பிறகு தொடர்ந்தது. 1970இல் வெளியான முடிவு: ஆராய்ந்த பகுதியில், அதாவது பிரமிடின் கனஅளவில் 19 விழுக்காட்டில், அறை எதுவும் இல்லை.

ஒன்றும் கிடைக்கவில்லையே என்று வருந்தியவர்களுக்கு அல்வாரெஸ் தந்த விளக்கம் இன்றும் கவனிக்கத்தக்கது. தேடிக் கிடைக்காமல் போனது வேறு, அறை இல்லை என்று நிறுவியது வேறு. தாம் செய்தது இரண்டாவது என்றார். தோண்டிப் பார்த்திருந்தால் அந்த விடைக்காகப் பிரமிடின் ஐந்தில் ஒரு பங்கைக் குலைத்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2015இல், எகிப்தியத் தொல்பொருள் அமைச்சின் ஆதரவில் ஸ்கேன்பிரமிட்ஸ் என்ற பன்னாட்டுத் திட்டம் குஃபுவின் பிரமிடில் தொடங்கியது. மூன்று குழுக்கள், மூன்று வகைக் கருவிகள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் அரசியறை என்று பெயர்பெற்ற அறைக்குள் ஒளிப்படப் பூச்சுடைய படலங்களை விரித்தார்கள். மியூவான் கடந்த தடம் அதில் நுண்கோடாகப் பதியும். ஜப்பானின் கேஈகே ஆய்வகத்தார் துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை அதே அறையில் வைத்தார்கள். பிரான்சின் அணுசக்தி ஆணையத்தார் வாயு நிரப்பிய கருவிகளைப் பிரமிடுக்கு வெளியே நிறுத்தினார்கள். மூன்றும் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டின. பெருங்கூடம் எனப்படும் சாய்வான நடைவழிக்கு மேலே, குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம். 2017 நவம்பரில் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது.

அந்த வெற்றிடம் அறையா, கட்டும்போது சுமையைக் குறைக்க விட்ட இடைவெளியா என்பதில் எகிப்தியவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. மியூவான் அதற்கு விடை சொல்வதில்லை. இதே திட்டத்தின் இன்னொரு கண்டுபிடிப்பு அடுத்த படிக்குப் போனது. வடக்கு முகப்பில் கூரைபோல் சாய்த்துவைத்த பெருங்கற்களுக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம் இருப்பதை மியூவான்கள் காட்டின. ராடாரும் மீயொலியும் அதை உறுதிசெய்தன. பிறகு கற்களின் இடுக்கு வழியாக 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள காமிராக் குழாயை நுழைத்துப் பார்த்தார்கள். 9 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும் கொண்ட, கூர்ங்கூரை வேய்ந்த தாழ்வாரம். 4,500 ஆண்டுப் பழமையான கட்டடத்தில் ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை. 2023 மார்ச்சில் கெய்ரோவில் இது அறிவிக்கப்பட்டது.

அதே 2023இல் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. மக்கள் நெருங்கி வாழும் சானிட்டா பகுதியில், தெருவுக்கும் வீடுகளுக்கும் அடியில் சுமார் 10 மீட்டர் ஆழத்தில், கிரேக்கர் காலத்துப் புதைகுழி அறை ஒன்று இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் நகோயாக் குழுவோடு சேர்ந்து கண்டறிந்தார்கள். இன்னும் ஆழத்திலுள்ள ஒரு நிலவறையில் படலங்களை ஒரு மாத அளவு விட்டுவைத்ததே அவர்கள் செய்த வேலை. மேலே இருந்த குடும்பங்களை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

தேயிலை மலையும் தங்கச் சுரங்கமும்

இந்த அறிவியலின் வரலாற்றில் தெற்காசியாவுக்கு உரிய இடம் பெரிது, பலர் அறியாதது. மியூவானை 1936இல் அமெரிக்காவில் அண்டர்சனும் நெடர்மேயரும் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவின் டி.எம். போஸும் அவருடைய மாணவி பிபா சௌத்ரியும் டார்ஜிலிங்கிலும் அதற்கு மேலுள்ள சந்தக்ஃபூவிலும் ஒளிப்படத் தகடுகளை வைத்து, இத்தகைய துகள்களின் தடங்களைப் பதிந்து, நேச்சர் இதழில் எழுதினார்கள். தேயிலை விளையும் அதே மலைத்தொடர். உயரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. காஸ்மிக் கதிர்கள் அங்கே செறிவு. உலகப் போர்க் காலத்தில் மேலும் நுண்ணிய தகடுகள் கிடைக்காமல் அந்த ஆய்வு நின்றது. பிரமிடுக்குள் வெற்றிடத்தைக் காட்டிய படலங்கள் அந்தத் தகடுகளின் நேரடி வாரிசுகள்.

பிபா சௌத்ரி பின்னர் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வாளர்கள் 1950களின் தொடக்கத்தில் மலையை விட்டுக் கீழே இறங்கினார்கள். அவர்கள் தேர்ந்த இடம் கோலார் தங்கவயல். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கங்கள் அங்கே இருந்தன. அவற்றைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இத்தகையோரில் இன்னொரு பகுதியினரை ஏழ்மை இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பியது. கோலார்த் தொழிலாளர் வெட்டிய ஆழம் இயற்பியலுக்கு உலகில் எளிதில் கிடைக்காத ஆய்வுகூடம் ஆயிற்று.

கோலாரில் பி.வி. ஸ்ரீகண்டன், எம்.ஜி.கே. மேனன் போன்றோர் நடத்திய ஆய்வுகள், எந்த ஆழத்தில் எத்தனை மியூவான்கள் உயிர்தப்பி வருகின்றன என்பதைப் படிப்படியாக அளந்தன. அடிமட்டத்தில் ஒரு கருவி வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் பதியவில்லை. அந்த மௌனமே இன்னொரு வாய்ப்பைக் காட்டியது. மியூவான் இரைச்சல் இல்லாத இடத்தில் நியூட்ரினோ என்ற இன்னொரு துகளைத் தேடலாம். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிந்தவர்களுள் அவர்களும் ஆனார்கள். சின்னங்களை ஆராய்பவருக்குக் கோலார் ஆய்வின் முதல் பகுதியே முக்கியம். இவ்வளவு பாறைக்கு இவ்வளவு மியூவான் என்ற கணக்கு இல்லாமல் எந்தப் பிரமிடையும் தூபியையும் படிக்க முடியாது.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஆய்வு நீலகிரியில் தொடர்கிறது. ஊட்டிக்கு அருகே 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற நிலையம் இயங்குகிறது. இரும்புச் சதுரக் குழாய்க்குள் மெல்லிய கம்பி இழுத்து வாயு நிரப்பிய எண்ணிகள் 3,712. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். மேலே இரண்டு மீட்டர் தடிப்பில் காங்கிரீட். எல்லாம் சேர்ந்து 560 சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் தலைக்குமேல் கடந்தபோது அந்தத் திசையின் எண்ணிக்கை மாறியது. அந்த மாற்றத்திலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை ஆய்வாளர்கள் கணித்து 2019இல் வெளியிட்டார்கள். விமானமோ பலூனோ அளக்காத உட்புறத்தைத் தரையிலிருந்தபடியே மியூவான் அளந்தது.

நீலகிரியில் வாழ்பவர்களில் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தவர்களின் குடும்பங்களும் உண்டு. டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் உறவினர் இருக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கும்போது, ஊட்டியின் ஆய்வு மலையகத்துக்கு எவ்வகையிலும் தூரத்துச் செய்தியன்று.

தூபிக்கு வேண்டியவை

பிரமிடில் எளிதாக அமைந்த ஒன்று தூபியில் இல்லை. உள்ளே கருவி வைக்க அறையோ நடைவழியோ கிடையாது. கருவிகளை அடிவாரத்தைச் சுற்றி வெளியே நிறுத்தி, சரிவாக மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். தலைக்கு நேரே மேலிருந்து வருபவற்றைவிடச் சரிவாக வரும் மியூவான்கள் குறைவு. ஆகவே காலம் அதிகமாகும்.

எவ்வளவு என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். சாய்ந்து செல்லும் ஒரு கோடு பெரிய தூபியில் 80 மீட்டர் செங்கல்லைக் கடக்கிறது என்றும், செங்கல்லின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல 1.8 மடங்கு என்றும் கொள்வோம். மறுபுறம் வர மியூவானுக்கு ஏறத்தாழ 30 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அத்தகையவை சிலவே. வழியில் 3 மீட்டர் அகல அறை இருந்தால் செங்கல்லின் பாதை 4 விழுக்காடு குறையும்; எண்ணிக்கை சில விழுக்காடு கூடும். அந்தச் சிறு கூடுதலைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய ஒவ்வொரு திசைக்கும் ஆயிரக்கணக்கான மியூவான்கள் சேர வேண்டும். ஒரு சதுர மீட்டர் கருவிக்கு அது வாரங்களும் மாதங்களும் பிடிக்கும் வேலை. ஒரு மீட்டரே அகலமான அறை பெரிய தூபியில் தப்பிவிடும். நடுத்தரத் தூபியில் செங்கல் குறைவு. அதே அறை அங்கே தெளிவாகத் தெரியும். பெயர்பெற்ற பெரிய தூபியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஆசையை இந்தக் கணக்கு தடுக்கிறது.

அறையைத் தேடுவது ஒன்றே இதன் பயனன்று. பழைய தூபிகளுக்கு உள்ளே ஈரம் ஊறுகிறது, வேர் இறங்குகிறது, செங்கல் நொறுங்குகிறது. எந்தப் பகுதி வலுவிழந்திருக்கிறது என்று தெரியாமலே பேணுநர்கள் வெளிப்பூச்சைச் சீர்செய்கிறார்கள். உள்ளடர்த்தியின் வரைபடம் கிடைத்தால் எங்கே தாங்கல் கொடுப்பது, எங்கே கை வைக்காமலிருப்பது என்று முடிவெடுக்கலாம். தூபிகளின் பொறியியலை ஆராய்ந்த மரபு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கனவே இருக்கிறது.

மியூவான் சொல்லாதவற்றையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வெற்றிடம் எந்தக் காலத்தது, யார் கட்டியது, யாருக்கு உரியது என்பதை அது சொல்லாது. வடக்கிலும் கிழக்கிலும் தொல்லியல் இடங்களைச் சுற்றி எழுந்த நிலத் தகராறுகளை நாடு அறியும். அத்தகைய சூழலில் ஒரு கருவியின் படத்தை உரிமைப் பத்திரமாக நீட்டுவோர் வரலாம். ஆகவே குஃபுவின் பிரமிடில் நடந்ததுபோல, தனித்தனியான குழுக்கள் தனித்தனிக் கருவிகளால் அளந்து, எண்ணிக்கைகளை எல்லாரும் சரிபார்க்கும்படி வெளியிடுவது இங்கே இரட்டிப்பு அவசியம். விகாரையின் தேரர்களும் தொல்பொருள் திணைக்களமும் சுற்றியுள்ள ஊராரும் தொடக்கத்திலிருந்தே அறிந்திருக்க வேண்டும். இன்னோர் ஆபத்தும் உண்டு: அறை இருக்கும் இடம் தெரிந்தால் புதையல் தோண்டுவோருக்கும் தெரிந்துவிடும். காவலற்ற காட்டுத் தூபியின் படத்தை இடக்குறிப்போடு பகிரங்கப்படுத்துவது தவறு.

செலவைக் காரணம் காட்டி இதை ஒத்திவைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் வடிவமைக்கப்பட்ட காஸ்மிக்வாட்ச் என்ற சிறு மியூவான் எண்ணி ஏறத்தாழ நூறு டொலர் பொருள்களில் மாணவர்களே செய்யக்கூடியது. அதன் வரைபடங்கள் யாருக்கும் திறந்தவை. டயகமப் பாடசாலையில் ஒன்றும் கொழும்புப் பாடசாலையில் ஒன்றும் வைத்து ஒரு தவணைக் காலம் எண்ணினால், உயரத்துக்கும் மியூவானுக்கும் உள்ள தொடர்பை உயர்தர வகுப்பு மாணவர் தாங்களே வரைந்துவிடலாம். அடுத்த கட்டத்துக்கு ஊட்டி ஆய்வாளர்களின் பட்டறிவும் பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்புப் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளின் கைகளும் போதும். முதல் சின்னமாகத் தெதிகம போன்ற, ஏற்கனவே அகழ்ந்து அறிந்த தூபியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே தெரிந்த அறை, தெரிந்த இடத்தில், தெரிந்த அளவில் எண்ணிக்கையில் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தென்பட்டால் கருவியையும் கணக்கையும் நம்பி, திறக்கப்படாத தூபி ஒன்றுக்கு அனுமதி கேட்கலாம்.